குழாய்க் கஞ்சிக்கு உப்பு போதுமா?

நைல் கரையில் உள்ள கஃப்ர் நகீல் அரசு மருத்துவமனையில், ருசி பார்க்காத சாப்பாடு எந்த நோயாளியின் வாய்க்குள்ளும் போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. இன்ஷிராஹின் வாய்க்குள் எந்தச் சாப்பாடும் போகாது. பக்கவாதம் வந்ததில் தொண்டை விழுங்குவதை மறந்துவிட்டது. மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு குழாய் போட்டு, கோழியும் பருப்பும் கேரட்டும் வேகவைத்து அரைத்து வடிகட்டிய கஞ்சியை அதில் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த விதி தன் மனைவிக்குப் பொருந்தாது என்று மெத்வல்லி நினைத்துக்கொண்டான். மினிபஸ் ஓட்டுகிறவன். அரசாங்கத்தை அவன் அதுவரை சாலையில் மட்டும்தான் சந்தித்திருந்தான்.

முதல் நாள் மத்தியானம் வார்டில் எல்லாருக்கும் சாப்பாடு வந்தது. இன்ஷிராஹுக்கு மட்டும் வரவில்லை. மெத்வல்லி பஸ் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

"சிஸ்டர், இவ கஞ்சி எங்கேம்மா?"

"கமிட்டிக்குப் போயிருக்குண்ணே. ருசி பார்த்துட்டு அனுப்புவாங்க" என்றாள் நர்ஸ் அவாதிஃப்.

"மூக்குல போற கஞ்சிக்கு எதுக்கும்மா ருசி?"

"இதையே நான் கேட்டேன். பிரசவ வார்டுலேர்ந்து தூக்கி இங்க போட்டாங்க."

மெத்வல்லி கீழே இறங்கிப் போனான். கமிட்டி அறையில் மேசை விரிப்பு, எலுமிச்சைத் துண்டுகள், ஊறுகாய்க் கிண்ணம், சூடான ரொட்டி எல்லாம் இருந்தன. தலைவர் டாக்டர் ஃபிக்ரி மருத்துவமனையின் துணை இயக்குநர்; அவர் ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. உறுப்பினர் ஹாஜி ஸக்லூல் சரக்கறைக்குப் பொறுப்பு. மூன்றாவது உறுப்பினர் ஓய்வு பெற்றுப் போய் வெகு காலமாகிறது. அவருடைய பங்கையும் மற்ற இருவருமே பெருந்தன்மையோடு சாப்பிட்டு வந்தார்கள்.

இன்ஷிராஹின் கஞ்சி ஜாடியில் பாதிக்குக் கீழே போயிருந்தது. ஹாஜி ஸக்லூல் இன்னொரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

"சப்புன்னு இருக்கு டாக்டர். சீரகம் இல்ல. உப்பு சுத்தமா இல்ல."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. அந்த ரொட்டியை இப்படித் தள்ளுங்க" என்றார் டாக்டர் ஃபிக்ரி.

மெத்வல்லி தொண்டையைக் கனைத்தான். "டாக்டரய்யா, அவளுக்கு ருசி தெரியாதுங்க. நேரா வயித்துக்குத்தான் போகுது. உப்பு வேண்டாம்னு வார்டுல இருக்கிற சின்ன டாக்டரே சொன்னாரு."

டாக்டர் ஃபிக்ரி கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு இது நல்ல சந்தர்ப்பம். இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்தது போல் இருந்தது.

"தம்பி, உட்காரு. ஒரு பொண்ணுக்கு விழுங்க முடியலைங்கிறதுக்காக, அவளுக்கு நாக்கே இல்லைன்னு நாம முடிவு பண்ணிடலாமா? இது மனுஷ மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். அவளால ருசிக்க முடியலை, சரி. அவ சார்பா யாராவது ருசிக்கணும் இல்லையா? அந்தப் பாரத்தை நாங்க சுமக்கிறோம். இருபது வருஷமா சுமக்கிறோம். எனக்குச் சர்க்கரை வந்ததும் இதனாலதான். நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல" என்றார் ஹாஜி ஸக்லூல் உருக்கமாக.

கஞ்சி நிராகரிக்கப்பட்டுச் சமையலறைக்குத் திரும்பிப் போனது. அன்று இன்ஷிராஹுக்குக் குழாயில் போனது தண்ணீரும் மருந்தும்தான். தண்ணீரை ருசி பார்க்க வேண்டும் என்று விதியில் எழுத யாருக்கோ மறந்துபோயிருந்தது.

அடுத்த நாள் சமையல்காரர் பயந்துபோய், கமிட்டிக்குப் பிடித்ததைச் செய்தார். முலூகியாக் கீரையைப் பொடியாக நறுக்கி, கோழிச் சாற்றில் கொழகொழவென்று காய்ச்சி, நெய்யில் பூண்டும் கொத்தமல்லி விதையும் வறுத்துக் கொட்டினார். பூண்டைக் கொட்டும்போது சமைக்கிறவர் மூச்சை இழுத்து ஒரு விக்கல் விட வேண்டும், இல்லாவிட்டால் முலூகியா சரியாக வராது என்பது ஊர் நம்பிக்கை. கமிட்டி கேட்கும்படி அவர் பலமாகவே விட்டார். இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் டாக்டர் ஃபிக்ரி எழுந்து நின்று ஒப்புதல் தந்தார்.

முலூகியா குழாயில் பாதி வழி போய் அங்கேயே குடியேறிவிட்டது. அவாதிஃப் சாயங்காலம் முழுக்கச் சிரிஞ்சில் வெந்நீரை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். கீரை அசையவில்லை. கடைசியில் பழைய குழாயை உருவி எடுத்துப் புதிதாக ஒன்றைப் போட வேண்டியதாயிற்று. அது மூக்கில் ஏறியபோது இன்ஷிராஹின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மினிபஸ் ஸ்டாண்டு வரைக்கும் குரல் கேட்கும் பெண் அவள். நோய் வந்ததிலிருந்து அவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மெத்வல்லிக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது. உணவு மிகச் சிறப்பாக இருந்ததாகவும், குழாய்க்குத்தான் நல்ல சாப்பாடு பழக்கமில்லை என்றும் கமிட்டி தெரிவித்தது.

வார்டு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். மருந்துக் கடையில் குழாய்க்கென்றே விற்கும் பால்மாவு டப்பா இருக்கிறது, வாங்கிக் கொடுங்கள் என்றார். மெத்வல்லி ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தான். வாசலிலேயே ஹாஜி ஸக்லூல் அதை வாங்கிக்கொண்டார். மாவு வனிலா வாசனையில் இருந்தது. குளிர்ந்த பாலில் கரைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று முதல் டப்பாவிலேயே கண்டுபிடித்தார்கள்.

"ஒரு டப்பா பார்த்தாப் போதாதா ஹாஜி?"

"ஒரு டப்பா நல்லா இருந்தா அடுத்ததும் நல்லா இருக்கும்னு என்னப்பா நிச்சயம்? ஒரு தாய் வயித்துப் பிள்ளைகளே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கிறதில்ல."

எல்லா டப்பாவும் நன்றாக இருப்பது ஒரு வாரத்தில் நிரூபணமாயிற்று. வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றால், வெளிச் சாப்பாட்டைக் குழாயில் ஊற்றினால் அவாதிஃபின் வேலை போய்விடும். வேறு மருத்துவமனைக்கு எடுத்துப் போகலாம் என்றால், இந்த நிலையில் அசைக்கவே கூடாது என்றார் வார்டு டாக்டர். இன்ஷிராஹின் கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மெத்வல்லி ராத்திரி வீட்டுக்குப் போனாலும் உட்காரவில்லை, படுக்கவில்லை.

அப்போதுதான் ரமலான் பிறை தெரிந்தது. மெத்வல்லி சந்தோஷப்பட்டான். கமிட்டிக்காரர்கள் பகலில் நோன்பு இருப்பார்கள், வாயில் எதுவும் வைக்க முடியாது, கஞ்சி முழுசாக மேலே வந்துவிடும் என்று கணக்குப் போட்டான். அவாதிஃபிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

முதல் நோன்பு நாளில் ஜாடி நிறையக் கஞ்சி கமிட்டி அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது. டாக்டர் ஃபிக்ரி வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னதும் பார்த்து அனுப்பிடுறோம். ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டோம்."

"அதுவரைக்கும் அவ பட்டினியா டாக்டரய்யா? நோயாளிக்கு நோன்பு கடமையில்லையே!"

"அவளுக்கு இல்லைப்பா. எங்களுக்கு இருக்கே!"

மெத்வல்லி நேராகப் பள்ளிவாசலுக்கு ஓடி, இமாமைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. "நாக்கு நுனியில தொட்டுப் பார்த்துட்டுத் துப்பிடலாமாம். தேவைன்னா சமைக்கிறவங்க அப்படிச் செய்யலாமாம். இமாமே சொன்னாரு."

டாக்டர் ஃபிக்ரியின் முகம் சுருங்கியது. "தொட்டுத் துப்புறது அடுப்படி வேலை. இது அரசாங்க வேலை. விதியில 'போதுமான அளவு உட்கொண்டு'ன்னு இருக்கு. நான் துப்பிட்டுப் போனேன்னா நாளைக்கு என் மனசாட்சிக்கு என்ன பதில் சொல்றது?"

நோன்பு இல்லாத ஒருவர் வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் ஜிர்ஜிஸ் கிறிஸ்தவர், அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜாடியை முகர்ந்து பார்த்து, சங்கடத்தோடு பின்வாங்கினார்.

"கோழி வாசனை வருதே. எங்களுக்கும் இப்போ பெரிய நோன்பு நடக்குது. ஈஸ்டர் வரைக்கும் கறி, பால், முட்டை தொடக் கூடாது. பருப்பு மட்டும்னா சொல்லுங்க, நான் ரெடி."

"கோழி இல்லாத குழாய்க் கஞ்சி சத்து விதிக்கு விரோதம்" என்றார் டாக்டர் ஃபிக்ரி.

"ரெண்டு மதமும் பக்தியாத்தான் இருக்கு. நடுவுல என் பொண்டாட்டி செத்துப்போவா" என்றான் மெத்வல்லி. ஜிர்ஜிஸ் அவன் தோளைத் தட்டிவிட்டுத் தலைகுனிந்து போனார்.

அவாதிஃபுக்குப் பொறுமை போய்விட்டது. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "குடுங்க, நான் பார்க்கிறேன். எனக்கு இன்னைக்கு நோன்பு இல்ல, மாசத்துல வர்ற அந்த நாள்."

டாக்டர் ஃபிக்ரி மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஹாஜி ஸக்லூல் தரையில் எதையோ தொலைத்தவர் போலத் தேடினார்.

"அது... நோன்பு ஏன் இல்லைன்னு காரணம் போடணுமேம்மா."

"போடுங்க."

"இயக்குநர் மேசைக்குப் போற விஷயம்... நாலு ஆம்பளைங்க படிப்பாங்க..."

"இது ஆஸ்பத்திரிதானே டாக்டர்? மேல பிரசவ வார்டே ஓடுது. பிள்ளைங்க எங்கேர்ந்து வருதுன்னு உங்க இயக்குநருக்குத் தெரியுமா?"

அவள் கேட்டது மிகவும் தவறு என்று முடிவாயிற்று. பாங்கு சொன்ன பிறகு கமிட்டி பேரீச்சம்பழத்தோடு கஞ்சியையும் ருசி பார்த்தது. பகல் முழுக்கக் காய்ந்த வயிறு என்பதால் அன்று ருசி பார்ப்பது கொஞ்சம் நீண்டது. மேலே வந்தது ஒரு டம்ளர். இப்படியே நாட்கள் போயின. ஒரு மத்தியானம் இன்ஷிராஹின் கை ஜில்லென்று ஆகி, கண் மேலே செருகிக்கொண்டது. சர்க்கரைத் தண்ணீரை ரத்தத்தில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். பகலில் சாப்பாடு போகவில்லையென்றால் இன்னொரு முறை இப்படித் திரும்ப மாட்டாள் என்று வார்டு டாக்டர் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். மெத்வல்லி சுவரில் சாய்ந்து நின்று சாவியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்தது.

அன்றைக்கு ஹாஜி ஸக்லூலுக்குத்தான் வழி தோன்றியது. அவரும் இரக்கமில்லாதவர் அல்ல. பகல் பசியும் அவருக்கு இருந்தது.

"பிரயாணிக்கு நோன்பு விடச் சலுகை இருக்கு, இல்லையா டாக்டர்? நாம பிரயாணம் போவோம். எண்பது கிலோமீட்டர் தாண்டினா நாம பிரயாணிங்க. அங்க உட்கார்ந்து நிதானமா ருசி பார்த்துட்டு வந்துடலாம்."

டாக்டர் ஃபிக்ரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நோயாளிக்காக நாம எவ்வளவு தூரம் போறோம்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்!" ஆம்புலன்சுக்கு டீசல் இல்லை. மெத்வல்லியிடம் மினிபஸ் இருந்தது.

அடுத்த நாள் காலையில் கஞ்சிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஹாஜி ஸக்லூல் நடு இருக்கையில் உட்கார்ந்தார். டாக்டர் ஃபிக்ரி முன்னால் ஏறி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். மெத்வல்லி நோன்போடு ஓட்டினான். ஜூலை வெயிலிலும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து நோன்பை விட்டவன் இல்லை. அலெக்ஸாந்திரியா சாலையில் எண்பதைத் தாண்டியதும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார்கள். பையிலிருந்து ரொட்டி வந்தது, ஊறுகாய் வந்தது. ருசி பார்ப்பது தொடங்கியது. மெத்வல்லி பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தான், டயரை உதைத்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"முடிஞ்சுதா ஹாஜி?"

"ஒரு முடிவுக்கு வந்துட்டிருக்கோம்."

முடிவுக்கு வந்தபோது பானையின் அடி தெரிந்தது. அனுமதிக்கப்பட்டது என்றார்கள். திரும்பும் வழியில் இருவரும் தூங்கினார்கள். கஃப்ர் நகீல் பாலம் வந்ததும் டாக்டர் ஃபிக்ரி விழித்து, கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"அடடா. ருசி பார்த்து ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு. தாண்டின சாப்பாட்டை மறுபடி ருசி பார்க்காம கொடுக்கக் கூடாது."

"அப்பப் பாருங்க டாக்டரய்யா! இப்பவே பாருங்க!"

"எப்படிப்பா? ஊர் வந்துடுச்சே. இப்ப நாங்க பிரயாணிங்க இல்லையே."

மெத்வல்லி பாலத்தின் நடுவே பிரேக்கை மிதித்தான். சாவியைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, சாலையின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பின்னால் லாரிகளும் கழுதை வண்டிகளும் சேர்ந்து ஒரே கூச்சல்.

"என்னப்பா பண்றே? எழுந்திருப்பா! இன்னைக்கு இயக்குநர் என் வீட்டுக்கு நோன்பு திறக்க வர்றாரு. நான் இனிப்பு வாங்கணும், கடையில கூட்டம் சேர்ந்துடும்!" என்றார் டாக்டர் ஃபிக்ரி.

"என் பொண்டாட்டி கஞ்சி குடிக்கிற வரைக்கும் இந்த வண்டி நகராது. நீங்க இங்கேயே பாலத்துல நோன்பு திறங்க. நைல் தண்ணி இருக்கு, குடிச்சுக்கோங்க!"

லாரிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தார்கள். துணை இயக்குநரின் தாயார் வரைக்கும் பேச்சு வந்தது. ஹாஜி ஸக்லூல் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே திடீரென்று நிமிர்ந்தார்.

"டாக்டர்! இவன் தினமும் இந்த ரோட்டுலதானே அலெக்ஸாந்திரியா போய் வர்றான்? அப்ப இவன் வருஷம் பூரா பிரயாணிதானே?"

"ஊருக்குள்ள இருக்கும்போதும்?"

"இவனுக்கு ஊரே ரோடுதான் டாக்டர். இனிப்புக் கடையை நினைச்சுப் பாருங்க."

தங்களுக்குப் பொருந்தாத நியாயம் டிரைவருக்குப் பொருந்தியதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பாலத்தின் மேலேயே, லாரிகள் சாட்சியாக, மெத்வல்லி ருசிக் கமிட்டியின் தற்காலிக உறுப்பினராக நியமிக்கப்பட்டான்.

சமையலறையில் புதிதாக அரைத்த கஞ்சி தயாராக இருந்தது. உறுப்பினர் முதல் முறை ருசி பார்க்கும்போது தலைவர் அருகில் இருக்க வேண்டும் என்பதால் டாக்டர் ஃபிக்ரி அந்த வார்டுக்குள் வந்தார். கட்டிலில் கிடந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவங்கதானா?" என்று ஹாஜி ஸக்லூலிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

மெத்வல்லி ஜாடியை வாங்கி, இறைவனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு, ஒரு கரண்டி வாயில் விட்டான். ஆறிப்போய், சாம்பல் நிறத்தில், மண்ணைக் கரைத்தது போல இருந்தது. விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது. இதைத்தான் இத்தனை நாள் இவளுக்கு, அதுவும் மிச்சம் மீதியாக, ஊற்றினார்கள் என்று நினைத்தபோது அவன் முகம் கோணியது.

"என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?" என்றார் ஹாஜி ஸக்லூல். "உப்பு இல்லையா? கூச்சப்படாம சொல்லு. இப்ப நீ உறுப்பினர். நல்லா இல்லைன்னா திருப்பி அனுப்பிடலாம்."

அவாதிஃப் கையில் சிரிஞ்சோடு உறைந்து நின்றாள். மெத்வல்லி அவளைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து அவன் வெளியே எங்கே சாப்பிட்டாலும், எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டுக்கு வந்து வாய் திறக்க மாட்டான். இன்ஷிராஹின் சமையலோடு இன்னொருவர் சமையலை ஒப்பிட்டால் அந்த வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது.

"உப்பா? அளவா இருக்கு டாக்டரய்யா!" என்றான் சத்தமாக. "அருமையா இருக்கு. சத்தியமா சொல்றேன், என் பொண்டாட்டி கையால வச்ச மாதிரியே இருக்கு!"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். இன்ஷிராஹின் ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது. அசைகிற பாதி வாயைக் கோணலாகத் திறந்து, தொண்டையின் அடியிலிருந்து, இன்னொரு முறை அந்தச் சத்தத்தைப் போட்டாள். சொல்லாக அது வரவில்லை. ஆனால் அதன் ஏற்ற இறக்கம் மெத்வல்லிக்கு மனப்பாடம். அவனையும் அவன் அப்பனையும் சேர்த்துத்தான் அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஃபிக்ரி கலவரமானார். "என்ன சொல்றாங்க? சாப்பாட்டைப் பத்திப் புகாரா? நோயாளி புகார் சொன்னா நிறுத்தி வைக்கணும்!"

"புகார் இல்லைங்க!" என்று மெத்வல்லி குறுக்கே பாய்ந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாராட்டுறா. கமிட்டியைப் பாராட்டுறா. அவளுக்குப் பேச வரலை, நான் சொல்றேன்."

டாக்டர் ஃபிக்ரியின் நெஞ்சு நிறைந்தது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். இருபது வருஷத்தில் ஒரு நோயாளி நேரடியாக நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை என்று சொல்லி, அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, இனிப்புக் கடைக்கு ஓடினார். ஹாஜி ஸக்லூல் ஜாடியை ஒரு தரம் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

அவாதிஃப் கதவைச் சாத்திவிட்டுச் சிரிஞ்சைக் குழாயில் பொருத்திக் கஞ்சியை ஊற்றினாள். ஜாடி முழுசாக இருந்தது. சாம்பல் நிறக் கஞ்சி மெதுவாக இறங்கியது. இன்ஷிராஹ் கண்ணை எடுக்காமல் கணவனை முறைத்துக்கொண்டே கிடந்தாள். நடுவில் ஒரு முறை அந்தச் சத்தத்தை மறுபடி போட்டாள், இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. மெத்வல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"திட்டு, நல்லாத் திட்டு" என்றான். "நாளைக்கு மத்தியானமும் வந்து இதையேதான் சொல்லப்போறேன்."